முதுகில் அச்சான பாலம்

சிறுவர் பக்கம் நடத்துவது என்பது, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் வாசகர்களுக்கு எழுதும் தொழில். ஆபத்து முழுவதும் அதில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கான கட்டுரையில் பிழை இருந்தால் அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். குழந்தையிடம் "புள்ளிக்கோட்டில் வெட்டு" என்று சொன்னால், கோடு தப்பாக இருந்தாலும் வெட்டிவிடும். அடியில் மேசைவிரிப்பு இருந்தால் அதையும் சேர்த்து வெட்டிவிடும். வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் வகுப்பில் பிள்ளைகளை மேய்ப்பவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தானா ராத்தா என்ற மலையூரில் இருந்துகொண்டு, கோலாலம்பூரில் அச்சாகும் ஒரு தமிழ் வார இதழுக்குச் சிறுவர் பக்கம் தயாரிக்கிறேன். 'செய்து பார்' என்ற பகுதியில் என் பெயர் கோந்து மாமா. போன வருடம் ஒரு ரயில் பாலத்தோடு நான் பட்ட பாட்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பாலம் வந்து சேர்ந்தது

எங்கள் மலையில் ரயில் கிடையாது. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலைதான் உண்டு. அதனாலோ என்னவோ, இங்குள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எனக்கு எழுதும் கடிதங்களில் பாதி, "மாமா, ரயில் போடுங்க" என்றுதான் இருக்கும். தீப்பெட்டி ரயில், முட்டை அட்டை ரயில் என்று எல்லாம் போட்டு முடித்து, இனி என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்த நேரத்தில் சுகுமாரன் ஒரு வீடியோ அனுப்பினான். பக்கத்து ரிங்லெட்டில் பிறந்தவன், என் பழைய வாசகன், இப்போது கடல் கடந்த ஒரு பெருநகரத்தில் வேலை செய்கிறான்.

அந்த ஊர் ஆற்றின் நடுவே வட்டமான ஒரு கல்தூண். அதன்மேல் ரயில் பாலத்தின் நடுப்பகுதி, இரண்டு கைகளையும் நீட்டி நிற்கும் ஆளைப்போல நிற்கிறது. படகு வந்தால் ரயிலை நிறுத்திவிட்டு, பாலம் மெல்லத் திரும்பி, கைகளை ஆறு ஓடும் வாக்கில் வைத்துக்கொள்கிறது. படகு போனதும் பழையபடி திரும்பி, இரு கரைக்கும் தண்டவாளத்தை நீட்டுகிறது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே இந்தக் கிழட்டு இரும்பு, அவசரமே இல்லாமல். நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. சுகுமாரன் கீழே ஒரு குரல் பதிவும் வைத்திருந்தான்: "மாமா, சின்ன வயசுல நீங்க சொல்லிக்குடுத்து நான் செஞ்சது ஒண்ணுகூட ஒழுங்கா நின்னதில்ல. இது நூறு வருசத்துக்கு மேல நிக்குது, தைரியமா போடுங்கலா."

பாயின் மேசை

எனக்கு இரண்டு விதிகள். எந்தப் பொருளையும் கடையில் வாங்கச் சொல்லக்கூடாது. மூன்று முறை செய்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது. பாலத்துக்கு நான் கண்டுபிடித்த வழி இது: காலியான பால் டின்னில் மண் நிரப்பி, கூர்மையான பென்சில் ஒன்றை நட்டமாகச் செருக வேண்டும். அட்டைப் பாலத்தின் நடுவில், அடிப்புறம், மார்க்கர் பேனாவின் மூடியை ஒட்ட வேண்டும். மூடியைப் பென்சில் முனைமேல் கவிழ்த்தால், இரு கைகளும் ஒரே எடையாக இருக்கும்வரை பாலம் சாயாமல் நிற்கும், ஊதினால் திரும்பும். பாலம் மூடியிருக்கும்போது இரு நுனிகளும் கரையாக வைத்த டின்கள்மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்போது காகித ரயில் போகலாம்.

மூன்றாவது சோதனையை ஹனிபா பாயின் சாப்பாட்டுக் கடையில் வைத்துக்கொண்டேன். வெளியே மழை. மேசை முழுவதும் நீலப் பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்த ஆறு, அதன்மேல் பாலம். ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தவர்கள் கையைத் துடைக்காமலே வந்து சுற்றி நின்றார்கள். பாய் தே தாரிக் டீயைக் கொண்டுவந்து வைக்க இடம் தேடினார். "பாய், பாலம் மூடியிருக்கு, ரயில் வந்துக்கிட்டிருக்கு" என்றேன். அவர் கோப்பையைப் பிடித்தபடியே சொன்னார்: "அண்ணே, ரயிலு நின்னா ஒண்ணும் ஆறிப்போவாது. டீ நின்னா ஆறிரும். தொறங்க."

திரைக்கு முதுகு இல்லை

வெட்டி ஒட்டும் பக்கம் போடுகிறவன் மறக்கக்கூடாத ஒன்று, தாளுக்கு முதுகு உண்டு என்பது. வெட்டும் படத்தின் பின்பக்கத்தில் முக்கியமான எதுவும் இருக்கக்கூடாது. கோலாலம்பூரில் பக்கங்களை அமைக்கும் ஜெயந்திக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வாரம் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து எங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாலத்தின் இடது கை ஒரு பக்கத்தில், வலது கை அடுத்த பக்கத்தில் என்று அவர் அமைத்து அனுப்பினார். நான் திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கோடுகள் சுத்தம், எண்கள் சரி. "அருமை" என்று பதில் போட்டேன். அடுத்தடுத்த அந்த இரண்டு பக்கங்களும் ஒரே தாளின் முன்னும் பின்னும் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. திரையில் எந்தப் பக்கத்துக்கும் முதுகு இல்லை.

ஞாயிறு காலை முதல் அழைப்பு ரிங்லெட்டிலிருந்து. ஏழு வயதுக்கு மேல் இருக்காத குரல். "மாமா, நான் எடது கைய அழகா வெட்டிட்டேன். திருப்பிப் பாத்தா சோத்துக்கை துண்டு துண்டா கெடக்கு." உடனே ஜெயந்தியை அழைத்தேன். மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு அவர் சொன்னார்: "சாரி அண்ணே. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பாத்தேன். ஜோடிப் பொருத்தம் அமோகமா இருந்துச்சு."

கோஸ் லோரி

திங்கட்கிழமை ஒரு லோரி டிரைவர் அழைத்தார். கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிறவர். ஆறு வயது மகள் இடது கையை வைத்துக்கொண்டு அழுகிறாள் என்று, போகிற வழியெல்லாம் லோரியை நிறுத்தி இன்னொரு பிரதி தேடியிருக்கிறார். தானா ராத்தாவில் இல்லை, ரிங்லெட்டில் இல்லை. எல்லா அப்பாக்களும் அவருக்கு முன்னாலேயே தேடி முடித்திருந்தார்கள்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "போனுக்கு அனுப்புறேன், கடையில பிரிண்ட் போட்டுக்கலாம்" என்றேன். அவர் பக்கத்தில் யாரையோ கேட்டார். சின்னக் குரல் ஒன்று தீர்மானமாக ஏதோ சொல்வது கேட்டது. அவர் அதை அப்படியே எனக்குச் சொன்னார்: "பேப்பர்ல தப்பா வந்தது பேப்பர்லதான் சரியா வரணுமாம் மாமா. போன்ல வர்றத வெட்ட முடியாதுங்கறா."

டீச்சரின் சனிக்கிழமை

அந்தக் குழந்தை சொன்னதே சரி என்று பட்டது. அடுத்த ஞாயிறு இதழில் இரண்டு கைகளையும் தனித்தனித் தாளில் மறுபடி போடுவது என்று முடிவு செய்தேன். மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. செவ்வாய்க்கிழமை கலாவதி டீச்சரின் அழைப்பு வரும்வரைதான்.

அவர் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறார். பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வேனில் அடங்கிவிடுவார்கள். சனிக்கிழமை தானா ராத்தாவில் பள்ளிகளுக்கு அறிவியல் கண்காட்சி. இவர்கள் பள்ளியிலிருந்து ஐந்தாம் ஆண்டு மாணவி தர்ஷினி பாலத்தைச் செய்து, நடுவர்களுக்கு விளக்கிச் சொல்லப் போகிறாள். அதில் என்ன சிக்கல் என்றால், தர்ஷினி வெளியாட்கள் முன்னால் பேசமாட்டாள். வகுப்பில் பேசுவாள், வேனில் பாடுவாள். புது முகம் ஒன்று தெரிந்தால் போதும், உதடு ஒட்டிக்கொள்ளும். முந்தைய வருடம் கதை சொல்லும் போட்டியில் மேடை ஏறி, மணி அடிக்கும்வரை ஒரு சொல் இல்லாமல் நின்றுவிட்டு இறங்கியிருக்கிறாள். அதன்பிறகு எதிலும் பெயர் கொடுத்ததில்லை. என் பாலத்தைப் பார்த்துவிட்டு இந்தத் தடவை தானாகவே வந்தாளாம். "பாலம் திரும்பினா எல்லாரும் பாலத்தத்தான் பாப்பாங்க, என்னைப் பாக்க மாட்டாங்க. அப்ப நான் பேசிருவேன் டீச்சர்" என்றாளாம். அந்தப் பள்ளிக்கு வந்தது ஒரே ஒரு பிரதி. என் திருத்தம் வருவது ஞாயிற்றுக்கிழமை. கண்காட்சி அதற்கு முதல் நாள். டீச்சர் கோபப்படாமல், மெதுவாகச் சொன்னார்: "பாலம் திரும்பலன்னா அவ இனி எங்கயும் வாயத் தொறக்க மாட்டா அண்ணே. உங்க பக்கத்த நம்பித்தான் பேரக் குடுத்துட்டேன்."

செம்மண்

புதன்கிழமை மாலை இரண்டு கைகளையும் தடித்த அட்டையில் அச்செடுத்துக்கொண்டு, நானே தோட்டத்துக்குப் போனேன். டீச்சர் தொழிலாளர் லயத்தில் தர்ஷினியின் வீட்டைக் காட்டினார். தர்ஷினி என்னைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். ஆனால் பாலம் வாசல் பலகைமேல் இருந்தது. நின்றுகொண்டும் இருந்தது.

இதழில் வெட்டிய ஒற்றைக் கை ஒரு பக்கம் நீண்டிருந்தது. மறுபக்கம் இருக்கவேண்டிய கைக்குப் பதிலாக, விரல் நீள அட்டை வால் ஒன்று. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியில் தேயிலைச் சரிவிலிருந்து எடுத்த ஈரமான செம்மண். நான் ஊதினேன். நூலிழை பிசகாமல் திரும்பியது. "கல்லு வச்சா ஒண்ணு கனமா இருக்கு, இல்லாட்டி லேசா இருக்கு. மண்ணுன்னா கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம்" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கிருந்து இந்த யோசனை என்று கேட்டேன். அம்மா சிரித்தார். அவரும் கணவரும் சேர்ந்து கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறவர்கள். தேயிலை வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். "ஒரு பக்கம் ஆளு விட்டுட்டா மெஷின் சாஞ்சிரும்லா. எங்ககூட வந்து தெனம் பாக்குறாளே."

நான் ஒழுங்குக்காரன். பையிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினேன். "ரொம்ப நல்லா செஞ்சிருக்கம்மா. ஆனா அந்த ஊர் பாலத்துக்கு ரெண்டு கை இருக்கு. இத ஒட்டிட்டா அப்படியே இருக்கும்." அவள் வாங்கவில்லை. முதன்முறையாக முகத்தை வெளியே நீட்டி, என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "படகு ஒண்ணுதானே மாமா வருது? ரெண்டு பக்கம் எதுக்குத் தொறக்கணும்?"

தலையங்கத்தின் பயன்

வீடு திரும்பியதும் அந்தக் கேள்வியைச் சுகுமாரனிடம் கேட்டேன். அவன் விசாரித்துச் சொன்னான்: ஒற்றைக் கையும், மறுபுறம் குட்டை வாலில் பாரமும் வைத்த ரயில் பாலங்கள் உலகத்தில் உண்டாம்; இரண்டு கைக்கு இடம் இல்லாத ஆறுகளில் அப்படித்தான் கட்டுவார்களாம். தர்ஷினி தேயிலைச் சரிவில் உட்கார்ந்து அதைத் தானாகக் கட்டியிருந்தாள்.

ஞாயிறு இதழுக்கான திருத்தத்தை வியாழன் காலையில் எழுதினேன். "உங்கள் கத்தரிக்கோல் சரியாகத்தான் வெட்டியது. தப்பு கோந்து மாமாவுடையது" என்று ஆரம்பித்து, இரண்டு கைப் பாலத்தோடு செம்மண் பாலத்தையும் சேர்த்தேன். பின்பக்கத்தில் என்ன வருகிறது என்று ஜெயந்தியிடம் மூன்று முறை கேட்டேன். "பயப்படாதீங்க அண்ணே, தலையங்கத்தப் போட்டிருக்கேன். அத வெட்டினா யாரும் போன் பண்ண மாட்டாங்க."

மேசை எண் ஒன்பது

சனிக்கிழமை மண்டபத்தில் தர்ஷினியின் மேசை ஒன்பதாவது. பத்தாவது மேசையில் ஒரு பெரிய பள்ளியின் எரிமலை, நுரை கக்கக் காத்திருந்தது. நான் பார்வையாளர் வரிசையில் நின்றேன். பாலத்தின் வலது கை அட்டை, மடித்தபடி, இன்னும் என் பையில்தான் இருந்தது. கலாவதி டீச்சர் என்னிடம் வந்து, பாலத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்த கதையைப் பெருமையாகச் சொன்னார். எங்கள் மலையில் பனி இறங்கினால் அட்டை நமுத்து வளைந்துவிடும். அதனால் வியாழனும் வெள்ளியும் பாலத்தைப் பள்ளிக் கேன்டீனில், அடுப்புக்கு மேலே உள்ள தட்டில், கதகதப்பாக வைத்திருந்தாராம். அட்டை மொரமொரவென்று இருந்தது உண்மைதான். மண்ணைப் பற்றி அவருக்கோ எனக்கோ யோசனை போகவில்லை.

நடுவர்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். தர்ஷினி யார் முகத்தையும் பார்க்காமல், கரை டின்களை விலக்கினாள். நீண்ட கை அப்படியே தொங்கி ஆற்றுக்குள் முகம் குத்தியது. காகித ரயில் வழுக்கி, மேசையை விட்டுக் கீழே விழுந்தது. பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களும் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. டீச்சர் என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் எனக்கு எல்லாம் புரிந்தது: அவள் எதற்குப் பயந்தாளோ, அதை நாங்கள் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து நடத்தி வைத்திருந்தோம், நான் முதுகில் அச்சடித்து, அவர் அடுப்பில் காயவைத்து. என் கை பைக்குள் வலது கையைத் தேடியது. அதை இப்போது ஒட்ட நேரமில்லை என்று தெரிந்தும் தேடியது.

தர்ஷினி மூடியிலிருந்த மண்ணை நகத்தால் கீறிப் பார்த்தாள். வெளிறி, வெடித்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. "மண்ணு காஞ்சிருச்சு" என்றாள், மண்ணிடம் சொல்வதுபோல. பிறகு கொஞ்சம் உரக்க, "தண்ணி போனதால எடை கொறஞ்சிருச்சு. அதான் வாலு லேசாயி, கை சாஞ்சிருச்சு." தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, அதன் மூடியால் ஒவ்வொரு சொட்டாக விட ஆரம்பித்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கையின் நுனி ஆற்றிலிருந்து ஒரு மயிரிழை எழுந்தது. தலைமை நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த மேசைக்குப் போய்ட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டார். அவள் கையிலிருந்த மூடியை ஆட்டாமல், அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "கொஞ்சம் இருங்க சார். மண்ணு இன்னும் குடிச்சு முடிக்கல."

வேனில்

அவர் இருந்தார். மற்ற இருவரும் இருந்தார்கள். எரிமலைக்காரப் பிள்ளைகள்கூடத் தங்கள் மேசையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கை மெல்ல மெல்ல நிமிர்ந்து மட்டத்துக்கு வந்ததும் தர்ஷினி ஊதினாள். பாலம் திரும்பியது. யாரோ கீழே விழுந்த ரயிலை எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பிறகு அவள் பாலத்துக்கு ஏன் இரண்டு கை, இரண்டு கை இல்லாவிட்டால் ஏன் வால், வாலுக்கு ஏன் கல் ஆகாது, கேன்டீன் அடுப்புக்கு மேலே ஏன் வைக்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். கடைசி ஒன்றைச் சொன்னபோது டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் பரிசு எரிமலைக்கு. எரிமலைக்குத்தான் கிடைக்கும், கண்காட்சிகளுக்குப் போய்ப் பழகிய பெற்றோர்களே, உங்களுக்கும் அது தெரியும். தர்ஷினிக்கு ஒரு சான்றிதழும் நடுவர்கள் மூவரின் கைகுலுக்கலும் கிடைத்தன. அன்று மாலை கலாவதி டீச்சர் அழைத்தார். குரல் கரகரத்திருந்தது. அழுதிருந்தாரோ, சிரித்திருந்தாரோ, நான் கேட்கவில்லை. "வேன் ஏறினதுலேர்ந்து தோட்டம் வர்ற வரைக்கும் வாய மூடல அண்ணே. வேன் டிரைவருக்கே பாலம் கட்டச் சொல்லிக்குடுத்துட்டா. அடுத்த வாரம் இவள கொஞ்சம் சும்மா இருக்க வைக்கிற மாதிரி ஏதாச்சும் போடுங்கலா."

சரியாக அச்சான பக்கங்களுக்காக இத்தனை வருடத்தில் நான் யாருக்கும் நன்றி சொன்னதில்லை; தப்பாக அச்சான அந்த ஒன்றுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று பட்டியல் போட்டால், அதற்கே ஒரு முழுப் பக்கம் வேண்டும், பின்பக்கம் வெற்றாக.